சுவரோவியங்களைத் தொடாது காக்கும் வழி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் கேட்டும் இசை கேட்டும் மகிழ்வது நம் சங்கத்தின் வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்று சிறிது விலகி, கோயிற் சுவர்களிலே நம் முன்னோர் எழுதி வைத்த ஓவியங்களைப் பற்றியும், அவற்றைக் கை படாமல் ஆராய்ந்து காப்பதற்கு இக்கால அறிவியல் கண்டுள்ள வழிகளைப் பற்றியும் சில கூற விழைகின்றோம்.

பொருள் புதிதாகத் தோன்றலாம்; ஆயினும் அது நமக்கு அயலானதன்று. தொழில் கருதியும் பணி கருதியும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்கள், பிறந்த ஊரோடு கொண்ட தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை. ஊர்க் கோயிலில் திருப்பணி என்று ஓர் அழைப்பு வந்தால் போதும்; நம்மில் எவரும் இல்லை என்று சொல்வதில்லை. அங்ஙனம் நாம் அனுப்பும் பணம் என்னவாக மாறுகின்றது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? கூரையின் ஒழுக்கை அடைக்கும் சுண்ணச் சாந்தாக மாறினால் மிக நன்று. பழைய ஓவியத்தின்மேற் பூசப்படும் வெள்ளையாகவோ எனாமல் வண்ணமாகவோ மாறினால் என் செய்வது? அன்போடு கொடுத்த பொருளே அழிவுக்கு முதலாகிவிடுமன்றோ! ஆதலின், இன்று நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே: எதனையும் செய்வதற்கு முன் பார்த்தல் வேண்டும், பார்ப்பதும் தொடாமற் பார்த்தல் வேண்டும், ஒரு முறை பார்த்ததோடு அமையாமல், குறித்து வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

நம் ஓவியச் செல்வம்

தமிழர்க்கு ஓவியம் நேற்று வந்த கலையன்று. திருப்பரங்குன்றத்தில் இருந்த சித்திரங்களைக் கண்டு மக்கள் ஒருவருக்கொருவர் வினவியும் விளக்கியும் மகிழ்ந்ததைப் பரிபாடல் கூறுகின்றது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பூண்ட விருதுப் பெயர்களுள் ஒன்று சித்திரகாரப்புலி என்பது. புதுக்கோட்டையைச் சார்ந்த சித்தன்னவாசற் குகையின் விதானத்திலே தாமரைத் தடாகம் ஒன்று இன்றும் மலர்ந்து விளங்குகின்றது.

1931ஆம் ஆண்டு நம் ஓவிய வரலாற்றில் மறக்கலாகாத ஆண்டாகும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலே, பிற்காலத்துப் பூச்சின் அடியில் மறைந்து கிடந்த பல்லவர் கால ஓவியத் துணுக்குகளைப் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டறிந்தார். அதே ஆண்டில், தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட திருச்சுற்றிலே, நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் இராசராசன் காலத்துச் சோழ ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு உலகுக்கு அறிவித்தார். திரிபுரம் எரித்த பெருமானும், வெள்ளானைமீது கயிலை செல்லும் சுந்தரரும், குதிரைமீது உடன் செல்லும் சேரமான் பெருமாளும் பல நூற்றாண்டுகள் மறைந்திருந்து மீண்டும் வெளிப்பட்டனர்.

நாம் வாழும் இப்பகுதியும் ஓவியத்தில் வறியதன்று. திருப்பதியை அடுத்த சந்திரகிரி, விசயநகர வேந்தர் கோலோச்சிய இடம். அவ்வேந்தர் காலத்து ஓவியங்கள், மதனப்பள்ளிக்கு அப்பால் உள்ள சோமபாளையத்துச் சென்னகேசவர் கோயில் மண்டபத்தில் உள்ளன. 2022ஆம் ஆண்டில் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை அவ்வூர் நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. இன்னும் மேற்கே சென்றால், இந்துப்பூருக்கு அருகில் உள்ள இலேபாட்சியின் வீரபத்திரர் கோயிலில், 16ஆம் நூற்றாண்டில் விருப்பண்ணா, வீரண்ணா என்னும் உடன்பிறந்தார் இருவர் எடுப்பித்த மண்டபங்களின் விதானமெங்கும் ஓவியங்களைக் காணலாம். அவற்றுள் ஒரு தொடர், கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழன் வரலாறு! தெலுங்கு நாட்டுக் கோயிலிலே சோழனின் கதையை எழுதிய ஓவியன் எந்த மொழி பேசினான் என்று நாம் ஆராய வேண்டுவதில்லை. இச்செல்வம் இரு மொழியாருக்கும் பொதுச் செல்வம் என்று உணர்ந்தாற் போதும்.

சுவர் நோயுறும் வகை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. சித்திரத்தைக் காப்பதும் சுவரை வைத்துத்தான். சுவரோவியம் துணியிலோ பலகையிலோ எழுதிய படத்தைப் போன்றதன்று. கல்லோ செங்கல்லோ அடியில் இருக்க, அதன்மேல் பருஞ்சாந்தும், அதன்மேல் மென்சாந்தும் பூசி, இறுதியிலேதான் வண்ணம் தீட்டுவர். ஈரம் காயாத சுண்ணத்தின்மீது எழுதினால், சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் பற்றிக்கொள்ளும். உலர்ந்த சுவரில் எழுதுவதாயின் பசை போன்ற ஏதேனும் ஒன்றைச் சேர்த்து எழுதுவர். அசந்தாவில் மண்சாந்தின்மீது மெல்லிய சுண்ணப் பூச்சிட்டு எழுதிய முறை இவ்விரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இச்செய்திகளை வேதியியல் வழியே ஆராய்ந்து கூறிய முன்னோடி, சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எஸ். பரமசிவன் என்னும் அறிஞர். 1930களில் அவர் தஞ்சை, காஞ்சி, சித்தன்னவாசல் முதலிய இடங்களின் ஓவியங்களை ஆராய்ந்தார். நம் பகுதியைச் சார்ந்த சோமபாளையம், இலேபாட்சி ஓவியங்களையும் ஆராய்ந்தார். தஞ்சைச் சோழ ஓவியங்கள் ஈரச் சுண்ணத்தில் எழுதப்பட்டவை என்று முடிவு கூறியவர் அவரே. ஆயின், அக்காலத்தில் ஆராய்ச்சி என்றால் ஓவியத்தின் ஒரு துணுக்கைப் பெயர்த்தெடுத்துச் சோதித்தாக வேண்டும். துணுக்கு எவ்வளவு சிறிதாயினும் இழப்பு இழப்பே. அத்துணுக்கு தான் இருந்த இடத்தின் செய்தியை மட்டுமே கூறும் என்பது மற்றொரு குறை.

இனி, சுவர் எங்ஙனம் நோயுறுகின்றது என்று பார்ப்போம். நோய்களுக்கெல்லாம் தாய் நீர். கூரையின் வெடிப்பு வழியாக மேலிருந்து இறங்கும். அடித்தளத்தின் வழியாகக் கீழிருந்து ஏறும். வரும் நீர் தனியே வருவதில்லை. சுவரிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகித் தங்கும். நாம் உண்ணும் உப்பையே எடுத்துக்கொள்வோம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் அது நீரை ஈர்த்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நம் நாட்டிலே, இவ்வாறு கரைவதும் உறைவதுமாக உப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை உறையும்போதும் வண்ணத்தின் பின்னிருந்து அதனை உந்தித் தள்ளும். ஒரு நாள் வண்ணம் செதிலாக உதிரும். உதிரும் அந்நாளில் நாம் பதறுகின்றோம். பல ஆண்டுகளாகப் பின்னே நடந்த வேலையை நாம் அறிவதில்லை.

நீருக்கு அடுத்தபடியாக விளக்குப் புகை, வௌவாலின் எச்சம், பெயர் கீறிச் செல்வோரின் ஆணி, மின்விளக்குக்காகச் சுவரில் அடிக்கும் கட்டை ஆகியவற்றைக் கூறலாம். இவற்றினும் கொடிதாக ஒன்று உண்டு. அது காப்பதாக எண்ணிச் செய்யும் தீங்கு.

அன்பினால் விளைந்த தீங்கு

அசந்தாவின் வரலாறு இதற்குச் சான்று. 1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்ணிற்பட்ட அக்குகைகளின் ஓவியங்களைப் படியெடுக்கச் சென்றவர்கள், வண்ணம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அவற்றின்மேல் வார்னிஷ் பூசினர். பின்னர் ஐதராபாத் நிசாம் அரசு, ஓவியங்களைக் காக்கும் பொருட்டு இத்தாலியிலிருந்து செக்கோனி என்னும் வல்லுநரை வரவழைத்தது. 1920ஆம் ஆண்டை ஒட்டி அவரும் அவர் துணைவரும் பணி புரிந்தனர். உதிரும் சாந்தை அவர்கள் ஒட்டியது பெரும் உதவியே. ஆயினும் அவர்கள் மேலே பூசிய அரக்கு வார்னிஷ் காலப்போக்கிற் பழுத்து மஞ்சளாகியது; தூசியை ஈர்த்தது; வெடித்தது. அதனை மெல்ல மெல்ல அகற்றும் பணி தொல்லியல் துறையின் வேதியியலாருக்குப் பல ஆண்டு வேலையாயிற்று. செக்கோனியின் திறமையிலோ நல்லெண்ணத்திலோ குறை காண்பதற்கில்லை. பூசிய பொருள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் என்ன செய்யும் என்பதை அக்காலத்தில் எவரும் அறியார்.

நம் ஊர்க் கோயில்களில் நடப்பது யாது? குடமுழுக்கு வருகின்றது என்றால், சுவரெல்லாம் புதிதாய் விளங்க வேண்டும் என்று ஆசைப்படுகின்றோம். சுண்ணாம்பு அடிக்கின்றோம், எனாமல் வண்ணம் பூசுகின்றோம், உடைந்த இடத்திற்குச் சிமெண்ட் வைக்கின்றோம். சுண்ணாம்பின் கீழே ஓவியம் உறங்கவாவது செய்யும். எனாமலோ சுவரின் மூச்சையே அடைத்துவிடும். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று சாந்தை அழிக்கும். சிமெண்ட் தன் உப்பையும் கொண்டு வந்து சேர்க்கும். மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லைத் துப்புரவு செய்யும் முறையும் சில காலம் கோயில்களில் வழங்கி, எஞ்சியிருந்த பழம் பூச்சுகளையும் கல்வெட்டெழுத்துகளின் கூர்மையையும் கொண்டுபோயிற்று. இவை அனைத்தும் பக்தியோடு செய்யப்பட்டவை. நம்மைப் போன்றோர் கொடுத்த பணத்தால் செய்யப்பட்டவை!

தொடாமற் பார்க்கும் கருவிகள்

இனி, இக்கால அறிவியல் என்ன உதவி செய்கின்றது என்று காண்போம். உதவி எல்லாம் ஒரே தத்துவத்தின்மேல் நிற்கின்றது. நம் கண் காணும் ஒளி மிகக் குறுகிய ஓர் இடைவெளியே. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு நானோமீட்டர். அவ்வளவையில், 400 முதல் 700 வரையுள்ள அலைநீளங்களையே நாம் காண்கின்றோம். அதற்கு இப்பாலும் அப்பாலும் உள்ள ஒளியைக் காணும் காமிராக்கள் இப்போது உள்ளன. ஓவியத்தின்மேல் விரல் நுனியும் படாமல் அவற்றால் பல செய்திகளை அறியலாம்.

முதலாவது, சாய்ந்த ஒளி. இதற்கு அரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. விளக்கைச் சுவருக்கு நேரே பிடியாமல், பக்கவாட்டிலிருந்து சுவரை ஒட்டினாற்போலப் பிடித்துப் படம் எடுத்தல் வேண்டும். மாலை வெயிலில் வயலின் வரப்பு நீண்ட நிழல் வீழ்த்துவது போல, சுவரில் எழும்பிய செதிலும் உப்பிய சாந்தும் நிழல் வீழ்த்தித் தம்மைக் காட்டிக்கொள்ளும். நேர் ஒளியில் நலமாகத் தோன்றும் சுவர், சாய்ந்த ஒளியில் தன் நோயைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, புற ஊதாக் கதிர். இருட்டில் இக்கதிரைச் சுவர்மேல் செலுத்தினால், சில பொருள்கள் தாமே ஒளிரும். அரக்குப் பூச்சு செம்மஞ்சளாக ஒளிரும். பசையும் எண்ணெயும் வேறு நிறங்களில் ஒளிரும். பிற்காலத்தார் தொட்டு எழுதிய பகுதிகள் பெரும்பாலும் சுற்றியுள்ள பழைய பகுதியினின்று வேறுபட்டுத் தோன்றும். எங்கே மூல ஓவியம், எங்கே பிறர் கை என்பதைப் பிரித்தறிய இது துணை செய்கின்றது.

மூன்றாவது, அகச்சிவப்புக் கதிர். 700 நானோமீட்டருக்கு அப்பால் உள்ள இவ்வொளி, காவி போன்ற பல வண்ணப் படலங்களை ஓரளவு ஊடுருவும். ஆனால் கரியை ஊடுருவாது. ஓவியன் முதலில் கரியால் கோடிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டியிருந்தால், அகச்சிவப்புப் படத்தில் அக்கோடுகள் தெளிவாக எழும். விரலின் வளைவை முதலில் ஒருவாறு இட்டுப் பின்னர் மாற்றிக்கொண்ட ஓவியனின் எண்ணத்தையும் காணலாம். மேலும், கண்ணுக்கு ஒரே நீலமாகத் தோன்றும் அவுரி நீலமும் செம்புக் கனிம நீலமும் அகச்சிவப்பில் வெவ்வேறாகத் தோன்றும். சாதாரண டிஜிட்டல் காமிராவின் உட்புறத்தில் உள்ள தடுப்புக் கண்ணாடியை நீக்கினால், அதுவே ஏறத்தாழ 1000 நானோமீட்டர் வரை காணும். அதற்கு அப்பாற் காண்பதற்குத் தனிக் கருவிகள் உண்டு.

நான்காவது, வெப்பப் படம். எல்லாப் பொருளும் தன் வெப்பத்திற்கேற்பக் கதிர் வீசுகின்றது. அதனைப் படமாக்கும் காமிராவைச் சுவருக்கு எதிரே வைத்தால், ஈரமுள்ள இடம், நீர் ஆவியாவதால், குளிர்ந்து தோன்றும். சாந்து சுவரைவிட்டுப் பிரிந்து நடுவே காற்று நின்ற இடம், சுவர் சூடேறும்போதும் ஆறும்போதும் மற்ற இடங்களினின்று வேறுபடும். பழங்காலத்துக் கொத்தர் விரலால் மெல்லத் தட்டி, எழும் ஒலியைக் கேட்டுப் பொள்ளல் எங்கே என்று அறிவர். அதே செய்தியைத் தட்டாமல் அறிவதற்கு இஃது ஒரு வழி.

ஐந்தாவது, முப்பரிமாணப் பதிவு. பல கோணங்களிலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணிப்பொறி ஒன்றாக இணைத்து, சுவரின் மேடு பள்ளங்களையெல்லாம் அளவோடு காட்டும். ஈராண்டு கழித்து மீண்டும் எடுத்து முன்னதன்மேல் வைத்துப் பார்த்தால், எந்தப் பகுதி எவ்வளவு முன்னே வந்துள்ளது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் அறியலாம்.

ஒரு படம் போதாது

இதுவரை கூறியவற்றால், நல்ல கருவி ஒன்று வந்து ஒரு முறை படம் எடுத்துச் சென்றால் போதும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஒரு நாள் எடுத்த படம், அந்நாளின் நிலையைக் கூறும், அவ்வளவே. நோய் வளர்கின்றதா, நின்றுவிட்டதா என்று கூறாது. வீட்டிலே குழந்தையின் காய்ச்சலை ஒரு முறை பார்த்துவிட்டு யாரும் உறங்கச் செல்வதில்லை; மணிக்கொரு முறை பார்த்துக் குறித்து வைக்கின்றோம். சுவருக்கு மணிக்கணக்கு வேண்டுவதில்லை. மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று ஆண்டுதோறும் எடுத்தாற் போதும். ஆனால் அதே இடத்தில் நின்று, அதே தொலைவில், அதே வகை விளக்கில், அளவுகோலும் வண்ண அட்டையும் உடன் வைத்து, நாளும் நேரமும் குறித்து எடுத்தல் வேண்டும். இல்லையேல், மாறியது ஓவியமா, விளக்கா என்று பின்னர் அறிய இயலாது. உடன் காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்து வைத்தால், நோயின் காரணமும் புலப்படும்.

கண்காணிப்பின் அருமையை நமக்கு உணர்த்தியது, கண்ணப்பர் தம் கண்ணை அப்பிய தலமே. திருக்காளத்தியில் கிருட்டிணதேவராயர் 1516ஆம் ஆண்டில் எடுப்பித்த இராசகோபுரம், 2010ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் இடிந்து வீழ்ந்ததை நம்மில் பலர் அறிவோம். விரிசல்கள் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தன. அருகிலிருந்தோர் முன்னரே அகற்றப்பட்டமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அவ்வளவில் கண்காணிப்பு மக்களைக் காத்தது. ஆனால் கோபுரத்தைக் காக்கவில்லை. அவ்விடத்தில் புதிய கோபுரம் எழுப்பப்பட்டு 2017ஆம் ஆண்டில் குடமுழுக்கும் நடைபெற்றது. கோபுரத்தை மீண்டும் எழுப்பலாம். உதிர்ந்துபோன ஓவியத்தை யார் எழுப்ப வல்லார்? புதிதாக எழுதினால் அது புதிய ஓவியமே அன்றிப் பழையது ஆகாது.

பதிவைப் பாதுகாப்பதும் ஒரு கலையே. அசந்தா ஓவியங்களை இராபர்ட் கில் என்பவர் 1844ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் உழைத்துப் பெரிய திரைச்சீலைகளில் படியெடுத்தார். அவற்றுள் மிகப் பலவும் 1866ஆம் ஆண்டில் இலண்டன் பளிங்கு மாளிகையில் ஏற்பட்ட தீக்கு இரையாயின. அதன்பின் கிரிபித்சும் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவரும் 1872 முதல் 1885 வரை மீண்டும் படியெடுத்தனர். அவற்றுள்ளும் பல 1885ஆம் ஆண்டில் இலண்டனிலேயே தீயில் அழிந்தன! ஒரே இடத்தில் வைத்த பதிவு, பதிவே ஆகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? இன்று ஒரு படத்தின் பத்துப் பிரதிகளைப் பத்து ஊர்களில் வைப்பது ஒரு நொடி வேலை. அவ்வெளிய வேலையை நாம் செய்கின்றோமா என்பதே வினா.

கருவிகளின் எல்லை

புதுமையைப் புகழும்போது அதன் எல்லையையும் கூறுவது முறை. ஒளியும் ஓர் ஆற்றலே. தொடாமற் பார்க்கின்றோம் என்று எண்ணிக் கடும் விளக்கை நெடுநேரம் பாய்ச்சினால், சில வண்ணங்கள் வெளுக்கும், சுவரும் சூடேறும். ஆகவே குறைந்த ஒளியில், குறைந்த நேரத்தில் எடுத்தல் வேண்டும். அகச்சிவப்புக் கதிர் வண்ணத்தை ஊடுருவுமேயன்றித் தடித்த சாந்தை ஊடுருவுவதில்லை. தஞ்சையில் இரு காலத்து ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த இடத்திலே, தொல்லியல் துறையினர் மேலிருந்த நாயக்கர் ஓவியங்களுட் சிலவற்றைப் படலமாகப் பிரித்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் ஏற்றிக் காத்தனர். கீழே இருந்த சோழ ஓவியங்கள் வெளிப்பட்டன. இஃது அரிய திறமையாற் செய்த செயல். எல்லா இடத்தும் எவரும் செய்யத் தக்கதன்று. படம் எதனையும் குணப்படுத்துவதும் இல்லை. வெப்பப் படம் ஈரத்தைக் காட்டும். கூரையின் வெடிப்பை அடைக்க வேண்டியவன் கொத்தனே. படத்தைப் படித்துப் பொருள் கூறுவதற்கு வேதியியலாரும், ஓவியம் அறிந்தாரும், கட்டடம் அறிந்தாரும் ஒன்றுகூடல் வேண்டும்.

சில வேளை, கண்காணிப்பு நமக்கு இனிமையற்ற செய்தியையும் கூறும். பிரான்சு நாட்டின் இலாசுக்கோ குகையில், காண வந்தோரின் மூச்சும் உடற்சூடும் பழங்கால ஓவியங்களுக்குக் கேடு செய்தமை கண்டு, 1963ஆம் ஆண்டில் குகையை மக்களுக்கு அடைத்தனர். பின்னர் 1983ஆம் ஆண்டில் அதனைப் போன்ற மற்றொரு குகையைச் செய்து காட்டினர். தஞ்சையிலும் உட்சுற்றின் சோழ ஓவியங்களைக் காணப் பொதுமக்கள் செல்ல இயலாது. அவற்றின் படங்களையே கோயில் வளாகத்தில் காண்கின்றோம். நேரிற் காணாத குறை நமக்கு. நெடுநாள் வாழும் நன்மை ஓவியத்திற்கு. இரண்டையும் தராசில் இட்டுப் பார்த்தால், வரும் தலைமுறைக்காக நாம் சிறிது விட்டுக்கொடுப்பதே அறம்.

நாம் செய்யத் தக்கவை

இவற்றையெல்லாம் அரசும் அறிஞரும் பார்த்துக்கொள்வர், நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. தொல்லியல் துறையின் காவலில் உள்ள கோயில்கள் சிலவே. ஓவியத்தின் ஒரு மூலையேனும் எஞ்சியிருக்கும் சிறு கோயில்களும் மடங்களும் சாவடிகளும் அக்காவலுக்கு வெளியே எத்தனையோ உள்ளன. அவற்றின் காவலர் அவ்வூராரே. அவ்வூராரின் துணைவர் வெளியூரில் வாழும் நாமே. ஆதலின் நம்மாற் செய்யக்கூடியவற்றைச் சில சொற்களில் கூறுவோம்.

ஊர்க் கோயில் திருப்பணிக்குப் பணம் கேட்டு எவரேனும் வந்தால், மனமுவந்து கொடுப்போம். கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்போம். "சுவரிலோ விதானத்திலோ பழைய ஓவியம் உண்டா? வேலை தொடங்கும் முன் படம் எடுத்தாயிற்றா?" என்பனவே அவை. இக்கேள்விகளைக் கொடையாளன் கேட்டால் மதிப்பு உண்டு. படம் எடுக்கவில்லை என்றால், நம் நன்கொடையின் முதற்பகுதி அதற்கே ஆகுக என்று கூறுவோம். ஓவியம் இருப்பதாகத் தெரிந்தால், தொல்லியல் துறைக்கோ அறநிலையத் துறைக்கோ எழுதி, அறிந்தாரின் சொல் வரும் வரை அச்சுவரை விட்டுவைக்கச் சொல்வோம். பணம் கூரைக்கும் நீர் வடியும் வழிக்கும் முதலிற் செல்லட்டும். அதுவே ஓவியத்திற்குச் செய்யும் முதற்பணி.

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் இளைஞர்கள் தம் கையிலுள்ள செல்போனையே நற்பணிக்குப் பயன்படுத்தலாம். கோயிலாரிடம் இசைவு பெற்று, பளிச்சிடும் விளக்கை அணைத்துவிட்டு, ஓர் அளவுகோலைச் சுவரில் ஒட்டாமல் அருகிற் பிடித்து, நேரே ஒன்றும் சாய்ந்த ஒளியில் ஒன்றுமாகப் படம் எடுத்து, நாளும் இடமும் எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று எடுக்கட்டும். புற ஊதாவும் வெப்பப் படமும் வல்லுநர் வேலை. ஆனால் அவ்வல்லுநர் வரும் நாளில், பத்தாண்டுப் படங்களை வரிசையாக அவர் கையில் கொடுக்க இயலுமானால், அதனினும் பேருதவி அவருக்கு இல்லை. நம் சங்கமே அப்படங்களின் ஒரு பிரதியைப் பெற்றுக் காத்து வரலாம்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தைகளை இலேபாட்சிக்கும் சோமபாளையத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். மனுநீதிச் சோழன் கதையை அங்கே நின்று கூறுங்கள். தொடக் கை நீளும்போது, "கண்ணாற் பார், கண்ணு! கையாற் பார்க்காதே!" என்று சொல்லிக் கொடுங்கள். தம் வீட்டுப் பொருள் என்று எண்ணும் குழந்தையே அதனை நாளைக் காக்கும்.

பெயர் தெரியாத ஓவியர் பலர், உயரத்தில் சாரம் கட்டிப் படுத்தும் சாய்ந்தும் எழுதி, தம் பெயரைக்கூட எழுதாமற் சென்றனர். அவர்களுடைய கோடுகள் இத்தனை நூற்றாண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கி நம் கைக்கு வந்துள்ளன. அவை நம் கையால் மறையாதிருக்க வேண்டும். அடுத்த குடமுழுக்கு அழைப்பிதழ் நம் வீட்டு வாயிலுக்கு வரும்போது, அவ்விரண்டு கேள்விகளையும் மறவாமற் கேட்போமாக!